ஒரே மேசையில் இரண்டு பருவம்

நாத்தனார் ஒருத்தி தன் அண்ணியைப் புகழ்ந்தால் கேட்பவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். எங்கள் வீட்டுக்குச் சூடும் குளிரும் தரும் இயந்திரம் வந்த கதையை அண்ணியைப் புகழாமல் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அண்ணி ஒரு பஸ் கம்பெனியின் புகார் பிரிவில் இருப்பவர். நாள் முழுக்கத் தொலைபேசியில் யார் யாரோ கொட்டும் வசவை வாங்கிக்கொண்டு, கடைசியில் திட்டியவரே நன்றி சொல்லி ஃபோனை வைக்கும்படி செய்துவிடுவார். நோய் வந்த பிறகு அதே வேலையை வீட்டிலிருந்து அரைநாள் பார்க்கிறார்.

நோய் நரம்பில். அதன் பெயரை, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் எனக்கே ஒரே மூச்சில் சொல்ல வராது. உடம்பு கொஞ்சம் சூடானாலும் மூளையிலிருந்து கைகாலுக்குப் போகிற சேதி நடுவழியில் தங்கிவிடும். கண் மங்கும், இடது கால் துவளும், பேச்சு குழறும். உடம்பு குளிர்ந்தால் பழையபடி ஆகிவிடுவார். "இவங்களுக்கு வெயில் ஆகாது, பாத்துக்குங்க" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. அவன் பூட்டு சாவிக் கடை வைத்திருப்பவன். எந்தக் கதவையும் திறந்துவிடுவான். இந்த ஒரு விஷயத்தில்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

அம்மாவின் பாடு நேர் எதிர். துணி ஆலையில் தையல் இயந்திரத்தின் முன்னால் பாதி ஆயுளைக் கழித்தவள். லேசாகக் குளிர் பட்டால் போதும், விரல்நுனிகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். அப்புறம் நீலமாகும். அப்புறம் ஊசி குத்துவதுபோல் வலி எடுக்கும். வெளியே பனி கொட்டும் எங்கள் ஊர்க் குளிர்காலத்தில் தன் சட்டைப் பொத்தானைக்கூட அவளால் போட முடியாது.

இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில். போதாக்குறைக்கு, ஒருவரை விட்டு ஒருவரால் இருக்கவும் முடியாது. சாயங்காலமானால் சாப்பாட்டு மேசையில் சீட்டுக் கச்சேரி. அம்மா கொஞ்சமும் கூசாமல் ஏமாற்றுவாள். அண்ணி பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிட்டு, அவள் ஜெயிக்கப் போகும் நேரத்தில் மணிக்கட்டைப் பிடிப்பார். மாமியார் மருமகள் என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

நோய் தெரிந்த பிறகு வந்த முதல் கோடையில் அண்ணன் எங்கிருந்தோ சக்கரம் வைத்த பழைய ஏசி ஒன்றைக் குறைந்த விலைக்குப் பிடித்துக்கொண்டு வந்தான். அதன் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, கூடத்தின் நடுவில் நிறுத்தினான். பகல் முழுக்க அது உறுமிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போனால் பல் கிட்டும். நாலடி தள்ளி நின்றால் ஒன்றுமில்லை. அண்ணி அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து வேலை பார்ப்பார். அம்மா மேசையின் மறுமுனையில், சுட்டெரிக்கும் கோடையில், கழுத்து வரைக்கும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"குளிருதா அத்தை?" என்று அண்ணி கேட்பார்.

"அதெல்லாம் பரவாயில்ல. இந்த ஸ்வெட்டரைப் பின்ன எப்பத்தான் போடுறது? பெட்டிக்குள்ளயே கெடந்து வீணாப் போகுது."

கொஞ்ச நாளில் அம்மா மத்தியானம் நடக்கப் போக ஆரம்பித்தாள். காலுக்கு நல்லதாம். வெயிலில் நடப்பது எந்தக் காலுக்கு நல்லது என்று எனக்கு அப்போதே தோன்றியது. எங்கள் மருந்துக்கடைக்கு எதிர்ச்சாரியில் ஒரு சலவைக்கடை. காசு போட்டுத் துவைத்து உலர்த்திக்கொள்ளும் இடம். உலர்த்தும் இயந்திரங்கள் ஓடும்போது அதற்குள் யாரும் நிற்க மாட்டார்கள், துணியைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். ஒருநாள் மருந்து கொடுக்கப் போகிற வழியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கிறேன், அம்மா உட்கார்ந்திருக்கிறாள். இயந்திரத்திலிருந்து அப்போதுதான் எடுத்த துண்டுகளை மடியில் குவித்துவைத்து, ஒவ்வொன்றாக மடிக்கிறாள். மடிப்பதென்ன, கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"உங்கம்மா தினமும் வந்து எல்லாத்தையும் மடிச்சுக் குடுத்துட்டுப் போறாங்க. வேணாம்னா கேக்கறதில்ல" என்றார் சலவைக்கடைக்காரர்.

அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் கை அவ்வளவு சூடாக இருந்து நான் பார்த்ததில்லை. "வீட்ல மூச்சு விடாத. அவளுக்குத் தெரிஞ்சா மிஷினை நிறுத்திடுவா. நிறுத்தினா விழுந்துடுவா."

நான் மூச்சு விடவில்லை. ஆனால் புகார் பிரிவில் இருப்பவரிடம் எதை எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு சாயங்காலம் சீட்டு வாங்கும்போது அண்ணியின் விரல் அம்மாவின் விரலில் பட்டிருக்கிறது. அன்று நேரம் கழித்து நடந்துவிட்டு வந்தவளின் கை ஏன் ரொட்டிபோல் சூடாக இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. முகர்ந்து பார்த்ததில் சோப்புத்தூள் வாசனை வந்ததாம். அதையும் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம், தெருவில் நாய்கூட நடமாடாத வெயிலில், குடையும் கைத்தடியுமாகக் கிளம்பிவிட்டார்.

கடைக் கல்லாவிலிருந்து பார்த்த எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெருமுனையில் ஒரு குடை சாய்ந்து சாய்ந்து வந்தது. கால் இழுத்துக்கொண்டிருந்தது. வந்தது யார் என்று புரிந்து நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அண்ணி சலவைக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஊரிலேயே அவர் போகக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது அந்த அறைதான்.

"அத்தை, எனக்கும் கொஞ்சம் துண்டு குடுங்க. சேந்து மடிக்கலாம்" என்றார். அதற்குள் வார்த்தை கோணிப்போயிற்று. அடுத்த கணம் கால் மடிந்தது. நானும் சலவைக்கடைக்காரரும் தாங்கிப் பிடித்து வாசல்பக்கம் உட்காரவைத்தோம். கடைக்காரர் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவர, அம்மா துண்டை நனைத்து அண்ணியின் கழுத்தில் போட்டாள், அக்குளில் வைத்தாள். திட்டிக்கொண்டே வைத்தாள், அழுதுகொண்டே திட்டினாள்.

"அறிவிருக்கா உனக்கு? இந்த வெயில்ல யாரு உன்னை வரச் சொன்னா?"

"நீங்க ஏன் இங்க வர்றீங்கன்னு பாக்கத்தான்." கண் இன்னும் தெளியவில்லை, அம்மாவின் முகம் இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துப் பேசினார். "புகார் வரலைன்னா கோளாறு இல்லைன்னு அர்த்தமில்ல அத்தை. இது தெரிஞ்சும் நான் கோட்டை விட்டுட்டேன்."

ஒருத்தி மற்றவளுக்காக வீட்டை விட்டுப் போய் அனலில் உட்கார்ந்திருக்கிறாள். மற்றவள் அவளைத் திருப்பி அழைத்துப்போக அதே அனலுக்குள் வந்து விழுகிறாள். இந்தக் காரியத்தை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் ஆடிப்போனான். அவன் ஆடிப்போனால் என்ன செய்வான் என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டே நாளில் வாசலில் லாரி. லாரியில், அலமாரி உயரத்துக்கு ஒரு பெட்டி. கடையில் இருந்ததிலேயே பெரிய ஏசி. இரண்டு ஆட்கள் அதை இறக்கத் தயாராக நின்றார்கள். அண்ணி கைத்தடியை ஊன்றி வாசலை அடைத்து நின்றார்.

"இது எந்த ரூமுக்கு?"

"எல்லா ரூமுக்கும்" என்றான் அண்ணன். "மொத்த வீட்டையும் ஜில்லுனு ஆக்கிடும். உனக்காகத்தான்."

"எனக்காகன்னா எங்கிட்ட கேட்டிருக்கணும். மொத்த வீடும் ஜில்லுனு ஆனா அத்தை எங்க போவாங்க? திரும்ப சலவைக்கடைக்கா?"

"அம்மாவுக்கு ஒரு ஹீட்டர் வாங்கி அவங்க ரூம்ல வெச்சிடலாம்."

"நான் ஒரு ரூம்ல, அவங்க ஒரு ரூம்ல. நடுவுல கதவு சாத்தி. அதுக்குப் பேரு வீடாங்க?"

லாரிக்காரர் காதை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. பெட்டி வந்த வழியே திரும்பிப் போயிற்று. அன்று ராத்திரி அவன் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டான். அண்ணிதான் அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துவிட்டு, "கோவம் வந்தா திட்டுங்க. நான் திட்டு வாங்கித்தான் சம்பளம் எடுக்கிறேன்" என்றார். சிரிக்கக்கூடாது என்று இருந்தவன் சிரித்துவிட்டான்.

அதற்குப் பிறகு தேர்வு வேலையை அண்ணி தன் கையில் எடுத்துக்கொண்டார். முதல் காரியமாக, வீட்டில் 'பரவாயில்லை' என்ற சொல்லுக்குத் தடை போட்டார். அம்மா அதைச் சொல்லிவிட்டால் அந்த ஆட்டத்தில் ஒரு சீட்டை இழக்க வேண்டும். அம்மாவுக்கு நோயைவிடத் தோல்விதான் பெரிய வேதனை. வேறு வழியில்லாமல் உண்மையைப் பேசக் கற்றுக்கொண்டாள். எந்த அறையில், எந்த நாற்காலியில், எந்த நேரத்தில் விரல் வெளுக்கிறது என்று ஒவ்வொன்றாக வந்தது. அண்ணியும் நாற்காலியைத் தூக்கவைத்துக்கொண்டு வீடு முழுக்க உட்கார்ந்து பார்த்தார். மாடி அறையின் மேற்கு ஜன்னல் சாயங்காலம் அடுப்பாகிவிடுகிறது. சமையலறைக் கதவின் கீழே குளிர்காற்று கத்திபோல் வருகிறது. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பழைய பாய்லர் குளிர்காலத்தில் ஒன்று வீடு முழுவதையும் சுடவைக்கும், இல்லாவிட்டால் இருமிவிட்டு நின்றுவிடும். போன குளிர்காலம் முழுக்க அண்ணி ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் தூங்கினார். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாததா? தெரியும். சேர்த்துவைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

விற்பனையாளர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் டை கட்டியிருந்தார். மொத்தம் எத்தனை சதுர அடி என்று கேட்டார். அதற்குமேல் கேட்கவில்லை.

"வீட்ல யாரெல்லாம் இருக்கோம்னு கேக்க மாட்டீங்களா?" என்றார் அண்ணி.

"ஆள் எண்ணிக்கையும் வேணும்னா போட்டுக்கலாம் மேடம்."

அவருக்குக் காபி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தோம். அடுத்தவர் தரைக்கு அடியில் குழாய் பதித்து வெந்நீர் ஓடவிடலாம் என்றார். பாதம் வைத்தால் பூப்போல இருக்கும் என்று அவர் சொல்லும்போதே அம்மாவின் முகம் மலர்ந்தது. அண்ணிக்கும் ஆசைதான். ஆனால், "தரை சூடான பிறகு ஆற எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார். அரைநாள் ஆகும் என்றார் அவர். "எனக்குக் கண்ணு மங்கினா அரைநாள் காத்திருக்க முடியாதுங்க" என்றார் அண்ணி. வேண்டாம் என்று முதலில் தலையாட்டியது அம்மாதான். மூன்றாமவர் கூரைக்குள் காற்றுக் குழாய் போட்டு, ஒரே பொத்தானில் வீடு முழுவதையும் கட்டுப்படுத்தலாம் என்றார். அந்த ஒரே பொத்தானை யார் கையில் கொடுப்பது என்று அண்ணி கேட்டதும் அவரே சிரித்துவிட்டார்.

நாலாவதாக வந்தவர் ஒரு பெண் பொறியாளர். எந்தப் படத்தையும் விரிக்கவில்லை. ஏணி கேட்டு வாங்கி, நேராகக் கூரைக்குக் கீழே இருக்கும் பரணுக்குள் ஏறினார். தலையெல்லாம் ஒட்டடையுடன் இறங்கி வந்தார்.

"மேல ஒண்ணுமே இல்ல, வெறும் பலகை. வெயில்காலத்துல அது வழியாத்தான் சூடு இறங்குது. குளிர்காலத்துல நீங்க உண்டாக்குற சூடு அது வழியாவே ஏறிப் போயிடுது. அதுக்குப் பஞ்சுப் பாய் போட்டு மூடுங்க. மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் அடைப்பு போடுங்க. கதவு இடுக்கை அடைங்க. மிஷினைப் பத்தி அப்புறம் பேசலாம். இல்லைன்னா தெருவுக்கும் சேத்துத்தான் ஏசி போடுவீங்க."

விற்க வந்தவர் முதல் வார்த்தையிலேயே சின்ன இயந்திரம் போதும் என்று சொன்னது அண்ணிக்குப் பிடித்துவிட்டது. மனதில் இருந்ததைக் கேட்டார். "ஒரு மேசை. ரெண்டு பேர். எனக்குக் குளிர்ந்த காத்து வேணும், அத்தைக்குச் சூடு வேணும். நாங்க எதிரெதிரே உக்காரணும். முடியுமா?"

பொறியாளர் மேசையின் நீளத்தைக் கையால் அளந்து பார்த்தார். "பொய் சொல்ல மாட்டேன். ஒரே ரூம்ல காத்தை ரெண்டாப் பிரிக்க முடியாது."

நாங்கள் எல்லோரும் அண்ணியைப் பார்த்தோம். அவர் கைத்தடியின் நுனியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அத்தனை பேரை வரவழைத்தார். பதில் இல்லை என்று ஆகிவிட்டது. அம்மா, "சரி விடும்மா..." என்று ஆரம்பித்தாள்.

"இருங்க அத்தை. நீங்க சலவைக்கடைக்குப் போனது அங்க இருக்கிற காத்துக்காகவா?"

"இல்ல. துண்டுக்காக. கையில பிடிச்சுக்கிட்டா அவ்வளவு சொகமா இருக்கும்."

அண்ணி பொறியாளர் பக்கம் திரும்பினார். "அப்ப காத்தை விட்டுடலாம். காத்து எனக்கு ஏத்த மாதிரியே குளிர்ச்சியா இருக்கட்டும். ரூமைச் சூடாக்காம, அத்தையை மட்டும் சூடாக்க முடியுமா?"

பொறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிஷம் அவர் முகத்தில் வந்த வெளிச்சம் இன்னும் எனக்குக் கண்ணிலேயே இருக்கிறது. "முடியும்" என்றார். "நீங்க முதல்லயே இப்படிக் கேட்டிருக்கணும். இல்ல, நான்தான் இப்படி யோசிச்சிருக்கணும்." நாற்காலிகளை இழுத்துப் போட்டு இரண்டு பேரையும் உட்காரவைத்தார். வெயில் மேலே பட்டால் பனிக்காலத்திலும் முதுகு சுடுகிறதல்லவா, அப்படிக் காற்றைத் தொடாமல் ஆளை மட்டும் தொடும் சூட்டுப் பலகைகள் உண்டு என்றார். அம்மாவின் நாற்காலிக்குப் பின்சுவரில் ஒன்று, மேசைக்கு அடியில் அவள் பக்கம் மட்டும் ஒன்று, உட்காரும் இடத்தில் ஒரு சூட்டு மெத்தை. குளிர்காற்று அண்ணியின் தலைக்கு மேலிருந்து வந்து, அம்மாவைத் தொடாமல் திரும்பிவிட வேண்டும்.

மற்ற அறைகளுக்கு, வெளியே ஒரே இயந்திரம், உள்ளே அறைக்கு ஒரு பெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி ரிமோட். கோடையில் குளிரும் குளிர்காலத்தில் சூடும் அதே பெட்டியில். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி உள்ளே தரும் என்றார் பொறியாளர்.

அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. "வெளிய பனி கொட்டுறப்ப அந்தக் காத்துல ஏதுங்க சூடு?"

"ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி கை வெச்சுப் பாருங்க. உள்ள இருக்கிற சூட்டைத்தான் அது வெளிய தள்ளுது. இதுவும் அதே வேலைதான், திசையைத் திருப்பியிருக்கு. காத்து எவ்வளவு குளிர்ந்தாலும் அதுல கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும்."

அண்ணன் எழுந்து சமையலறைக்குப் போனான். ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தான். ஒத்துக்கொண்டான் என்று அர்த்தம்.

வேலை இலையுதிர்காலம் முழுக்க நடந்தது. பரணில் பஞ்சு விரித்தார்கள். வீடு முழுக்கத் தூசி. இருமல் பாய்லரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மேற்கு ஜன்னலுக்கு மர அடைப்பு போடுவதை மட்டும் அண்ணன் யாருக்கும் விடவில்லை. அண்ணியின் கை பலம் குறைந்த நாளிலும் ஒற்றை விரலால் திறந்து மூடும்படி ஒரு தாழ்ப்பாளை அவனே செய்தான். மூன்று தடவை பிரித்துச் செய்தான். அண்ணி அதைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வெகுநேரம் அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார். லாரிப் பெட்டியைத் திருப்பி அனுப்பிய மனத்தாங்கல் அத்தோடு முடிந்துபோயிற்று.

முதல் பனி விழுந்த காலையில் நான் கூடத்துக்கு வந்தபோது அம்மா தன் அறையிலிருந்து சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வந்தாள். அவள் அறை கதகதப்பாக இருந்தது. மாடியில் அண்ணியின் அறை மிதமான குளிரில், ஜன்னல் சாத்தியபடி. "எனக்குன்னு தனி ரிமோட்" என்று அம்மா அதைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

நோய் போய்விட்டதா என்றால், இல்லை. இடது கால் முன்பைவிடக் கொஞ்சம் மோசம்தான். ஆனால் அடுத்த கோடையில் அண்ணி ஒருநாள்கூட உறுமும் ஏசிக்கு முன்னால் அடைந்து கிடக்கவில்லை. தொலைபேசியை மேசைமேலேயே வைத்துக்கொண்டார். மத்தியானத்தில் அவர் யாரிடமோ பொறுமையாகப் பேசிக்கொண்டிருக்க, எதிரே அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருப்பாள். விரல்கள் சிவப்பாக, சுறுசுறுப்பாக.

அந்தக் கோடையின் கடுமையான நாள் ஒன்றில் நான் வேலை முடிந்து, வியர்வையில் நனைந்து உள்ளே நுழைந்தேன். ஆட்டம் மும்முரமாக இருந்தது. அண்ணியின் தலைமுடி குளிர்காற்றில் லேசாக அசைந்தது. அம்மா ஸ்வெட்டர் இல்லாமல், முதுகைச் சூட்டுப் பலகைக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கால்கிட்ட சூடு பத்தல. கொஞ்சம் கூட்டு" என்றாள்.

என் அம்மா தனக்கு ஒன்று பத்தவில்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அண்ணியும் கவனித்தார். குனிந்து கூட்டிவிட்டு, "புகார் பதிவு செய்யப்பட்டது" என்றார்.

அப்போதுதான் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். சட்டையைக் கழற்றியபடி அண்ணியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டான். இரண்டு நிமிஷத்தில் தும்மினான். எழுந்து அம்மாவின் பக்கம் போனான். அங்கே நெற்றியில் வேர்த்தது.

"இவ்வளவு யோசிச்சீங்களே, எனக்குன்னு யாராவது ஒரு இடம் பாத்தீங்களா?"

இரண்டு பெண்களும் சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்கள். அண்ணி, இருவருக்கும் நடுவே மேசையின் தலைப்பக்கம் இருந்த நாற்காலியைக் காலால் நகர்த்திக் கொடுத்தார்.

"நடுவுல உக்காருங்க. உங்களுக்கு ரெண்டும் ஒத்துக்கும்."

அவன் உட்கார்ந்தான். அம்மா அவனுக்கும் சீட்டுப் போட்டாள்.